சடையன் கோட்டைக்குள் போன விதம்

எலவனாசூர்கோட்டை
14.8.87

அன்புள்ள வேடியப்பா,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. கரும்புக்குத் தண்ணீர் விடும் முறை எங்களுடையது, அதனால் உடனே எழுத முடியவில்லை. இப்போது நம் கதை ஆட்டத்துக்குத் தீர்ப்பு எழுதுகிறேன். கோபப்படாமல் படி. கோபம் வந்தாலும் கடைசி வரை படி.

உன் ஆள் சடையனும் என் ஆள் கீர்த்திவர்மனும் எரிகோட்டை வாசலுக்கு வந்துவிட்டார்கள். கோட்டையைச் சுற்றி மந்திரவாதி கட்டு போட்டிருக்கிறான். கட்டுக்குள் மாயம் எதுவும் பலிக்காது, மனிதனின் இயல்பான வித்தை மட்டும்தான் செல்லும். காலேஜ் ஹாஸ்டலில் நாம் ஆட ஆரம்பித்த நாளிலேயே ஒத்துக்கொண்ட விதி இது. நீ என்ன எழுதியிருக்கிறாய்? "சடையன் காய்ந்த சருகின் மேல் சத்தமில்லாமல் நடந்து காவல்காரர்களைத் தாண்டி உள்ளே போகிறான்." அப்பனே, காய்ந்த சருகை மிதித்தால் சத்தம் வரும். வராவிட்டால் அது மாயம். மாயம் கட்டுக்குள் செல்லாது. முதல் அடியிலேயே அவன் தலை போகும்.

நம்மோடு ஹாஸ்டலில் இருந்த செழியனுக்கு அவன் மாமா சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய விதிப்புத்தகத்தில், எது இயல்பு எது மாயம் என்று ஒரு அத்தியாயமே இருந்தது. ஹாஸ்டல் கூரை ஒழுகி அந்தப் பக்கங்கள் மட்டும் ஒட்டிப் பாளமாகிப் போனது உனக்கே தெரியும். எனவே ஆட்டத்தை நடத்துகிறவன் சொல்வதுதான் விதி. நடத்துகிறவன் நான்.

வேண்டுமானால் கட்டுக்கு வெளியே நின்று வேறு ஏதாவது முயற்சி செய். வழக்கம்போல் செவ்வாய்க்கிழமை பேப்பரில் லாட்டரி முதல் பரிசின் கடைசி எண்ணைப் பார்ப்போம். ஐந்தும் அதற்கு மேலும் வந்தால் ஜெயம். நீ என்னையும் நான் உன்னையும் ஏமாற்ற முடியாது. கீர்த்திவர்மனுக்கு இந்தக் கவலை இல்லை. அவன் ஒரே வீச்சில் ஆறு பேரைச் சாய்ப்பவன், அது பயிற்சியில் வந்தது, கட்டுக்குள்ளும் செல்லும்.

சென்னையிலிருந்து உனக்கு ஏதாவது வந்ததா? இளநிலை ஆய்வாளர் பரீட்சையை ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதினோம். எனக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை.

தனா

வெள்ளிமலை
22.8.87

தனசேகரா,

அன்புள்ள என்று போட மனம் வரவில்லை. அடுத்த கடிதத்தில் பார்க்கலாம்.

கீர்த்திவர்மன் ஒரே வீச்சில் ஆறு பேரை வெட்டுகிறான். அது இயல்பு, ஏனென்றால் குருகுலத்தில் படித்தவன். சடையன் சருகில் சத்தமில்லாமல் நடக்கிறான். அது மாயம், ஏனென்றால் மலையில் பிறந்தவன். இதுதானே உன் தீர்ப்பு? ஒரே வீச்சில் ஆறு பேரை வெட்டுகிற ஆளை உன் ஊரில் ஒரு தடவையாவது பார்த்திருக்கிறாயா? சருகில் நடக்கிற ஆளை எங்கள் ஊரில் இன்றைக்கே காட்டுகிறேன். என் தாய்மாமன் செல்லமுத்து. குதிகாலை வைக்கமாட்டார். பாதத்தின் வெளி ஓரத்தை முதலில் வைத்து, சருகை அழுத்தாமல் ஒதுக்கிவிட்டு, அப்புறம்தான் பாரம் போடுவார். அவருக்கு அவருடைய அப்பா சொல்லிக்கொடுத்தார். சத்தம் வரும்போதெல்லாம் கெண்டைக்காலில் புளியங்குச்சி விழுமாம். தழும்பைக் கேட்டால் காட்டுவார்.

மலையில் பிறந்தால் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறாய். நானும் அங்கேதான் பிறந்தேன். ஆறு வயதில் என்னைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட ஹாஸ்டலில் விட்டார்கள். நான் சருகில் நடந்தால் ஊர் நாய்கள் மொத்தமும் எழுந்து குரைக்கும். மாமா சிரிப்பார், "இன்னாடா, பன்னி வருதுன்னு நெனச்சேன்" என்று. தானாக வருவதாயிருந்தால் எனக்கு வந்திருக்க வேண்டாமா? எனக்கு வராததுதான் அது மாயமில்லை என்பதற்குச் சாட்சி. தீர்ப்பை மாற்று.

சென்னையிலிருந்து கார்டு வந்தது. செப்டம்பர் 21, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. உனக்கும் வந்திருக்கும் என்று நினைத்தேன். தபால் உங்கள் ஊருக்குத்தானே முதலில் வரும்.

வேடியப்பன்

எலவனாசூர்கோட்டை
31.8.87

அன்புள்ள வேடியப்பனுக்கு,

சந்தோஷம். இந்த வார்த்தையை எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். பொய்யில்லை, சந்தோஷம்தான். ஆனால் எனக்குக் கார்டு வரவில்லை, இனி வரவும் வராது. உன்னைவிட எனக்குப் பன்னிரண்டு மார்க் அதிகம். அப்பா கேட்கிறார், "ரெண்டு பேரும் ஒண்ணாத்தான எழுதுனீங்க, அந்தப் புள்ளைக்கு வந்துது, உனுக்கு இன்னா ஆச்சு?" என்று. அவருக்கு நான் என்ன சொல்வது? எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அப்பாவும் தாத்தாவும் கரும்பு வெட்டியே முதுகு வளைந்தவர்கள். எங்கள் சனத்தில் ஒரு பியூன் வேலைக்காவது போனவர்களை விரல் விட்டு எண்ணலாம். உங்கள் மலைச் சனத்துக்கென்று தனி இடம் உண்டு. எங்களுக்கு வரிசையில் பேர்தான் இருக்கிறது, இடம் இல்லை.

சடையன் விஷயம். உன் மாமா கதை நன்றாக இருந்தது. ஆனாலும் ஒன்று யோசி. ஒருவன் தானாக உழைத்துச் சம்பாதித்தது இயல்பு. மேலேயிருந்து ஒருவர் எடுத்துக் கொடுத்தது வரம். வரமும் மாயத்தில்தான் சேர்த்தி. கொடுத்தவர் நினைத்தால் பிடுங்கிக்கொள்ளலாம், கட்டுக்குள் செல்லாது. சடையனைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இன்னொரு முக்கியமான சேதி. 17ஆம் தேதியிலிருந்து ஒரு வாரம் எங்கள் சங்கத்தின் சாலை மறியல். தனி இடஒதுக்கீடு கேட்டு இந்த முறை முழுசாக இறங்குகிறோம். மரம் சாய்த்து ரோட்டை அடைப்பார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து உளுந்தூர்பேட்டை வரை ஒரு சைக்கிள்கூடப் போகாது. நீ 16ஆம் தேதிக்குள் சென்னை போய்ச் சேர்ந்துவிடு.

தனா

வெள்ளிமலை
6.9.87

அன்புள்ள தனா,

"சடையனைப் பற்றித்தான் எழுதுகிறேன்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அந்த வரி இல்லாமல் இருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு நானும் படித்திருக்கிறேன்.

பன்னிரண்டு மார்க் உனக்கு அதிகம்தான். இல்லை என்று சொல்லவில்லை. உன் அப்பா கேட்டது நியாயமில்லை என்றும் சொல்லமாட்டேன். லீவு முடிந்து திரும்பும்போது, மலைக்கு பஸ் ஏறாத நாளில் நான் காச்சிராயபாளையம் வரை இறங்கி நடந்து, அங்கிருந்து காலேஜுக்கு வந்ததை நீ பார்த்திருக்கிறாய். கால் வீங்கியிருந்தால் உன் துண்டை நனைத்துக் கட்டிவிட்டவனும் நீதான். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பாய்? சரி, விடு.

முன்னாடியே கிளம்ப முடியாது. கூட்டுறவுச் சங்கத்தில் கடுக்காய் எடை போடுகிற தற்காலிக வேலையில் இருக்கிறேன். இது கடுக்காய் வருகிற காலம். 20, 21 இரண்டு நாள் மட்டும்தான் விடுப்பு. கூட ஒரு நாள் நின்றாலும் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். இந்த வேலையை விட்டுவிட்டுப் போய் அதுவும் கிடைக்காவிட்டால் என் அம்மாவையும் தங்கையையும் யார் பார்ப்பது? தவறவிட்டால் மறுபடி அழைக்கமாட்டார்கள் என்று கார்டிலேயே அச்சடித்திருக்கிறது.

நேர்முகத்துக்குச் செழியனின் பழைய சாம்பல் நிறப் பேன்ட்டை வாங்கி இடுப்பைப் பிடித்துத் தைத்து வைத்திருக்கிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். கேட்க வெட்கமாக இருக்கிறது. 20ஆம் தேதி உங்கள் ஊர் வழியாக வருவேன். மரம் சாய்த்திருக்கும் இடத்தில் நீ நிற்பாய். "இவன் என் ஆள்" என்று ஒரு வார்த்தை சொல். அவ்வளவுதான்.

வேடி

எலவனாசூர்கோட்டை
11.9.87

வேடி,

முடியாது.

இதற்கு மேல் எழுதாமல் ஒட்டிவிடலாம் என்று பார்த்தேன். மனசு கேட்கவில்லை, அதனால் காரணமும் எழுதுகிறேன். போன வாரம் கூட்டத்தில் எல்லோரும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தோம். மாமன் மச்சானாக இருந்தாலும், பெண் கொடுத்த வீடாக இருந்தாலும் விடுவதில்லை என்று. கோட்டை வளைவில் இருக்கிற புளியமரம் என் பொறுப்பு. கூடத் தங்கதுரை நிற்பார். எங்கள் கிளைக்குத் தலைவர் அவர். எனக்கு மலையிலிருந்து கடிதம் வருவது அவருக்குத் தெரியும். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்தே சொன்னார், "படிச்ச பசங்க அந்தாண்ட ஒரு காலு இந்தாண்ட ஒரு காலு வச்சிக்கினு நிக்கக் கூடாது" என்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன். உன் ஒருவனை விட்டால் ஆளுக்கு ஒருவனைக் கூட்டிக்கொண்டு வருவான். அப்புறம் மறியல் எதற்கு?

கட்டு என்றால் கட்டுதான். உள்ளே யாருக்கும் தனிச் சலுகை செல்லாது. சடையனுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்ல வேண்டி வரும் என்று நான் நினைக்கவில்லை.

கலவரம் என்று நேர்முகத் தேதியைத் தள்ளிவைத்தாலும் வைப்பார்கள். நீ வராதே. வெளியூர்ப் போலீஸ் இறங்கிவிட்டது, எந்த நேரத்தில் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. மீறி வந்தால் என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

தனா

வெள்ளிமலை
29.9.87

தனா,

தபால் மறுபடி போக ஆரம்பித்திருக்கிறது என்றார்கள். இது உனக்கு வந்து சேரும் என்று நம்புகிறேன். மறியலின் கடைசி நாளில் உங்கள் ஊரில் தடியடி என்று கள்ளக்குறிச்சியில் பேசிக்கொண்டார்கள். உனக்கு ஒன்றும் ஆகவில்லையே? முதலில் அதை எழுது. மற்றதெல்லாம் அப்புறம்.

தேதியைத் தள்ளிவைக்கவில்லை. நான் போனேன். உட்கார்ந்தேன். கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன். கிடைக்குமா தெரியாது. ஆனால் பத்து மணிக்கு அந்த வாசலில் நின்றேன்.

19ஆம் தேதி எடை முடிந்ததும் இறங்கிவிட்டேன். வடக்கனந்தலில் ஒரு தெரிந்தவரின் சைக்கிளில் தொற்றிக்கொண்டு, அப்புறம் நடந்து, விடியும்போது தியாகதுருகம் தாண்டியாயிற்று. முதல் மரத்தில் உண்மையைச் சொன்னேன். கார்டை நீட்டினேன். ஒருவன் வாங்கிப் பார்த்துவிட்டு, "இண்டர்வியூவா? எங்களுக்கு வேல இல்லாமத்தானடா ரோட்ல குந்திக்கினு கீறோம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான். கிழிக்கவில்லை. அதற்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

அப்புறம் சடையன் வழி. கரும்புக் கொல்லைக்குள் புகுந்தேன். மாமா சொன்ன மாதிரி பாதத்தின் ஓரத்தை வைத்தேன். காய்ந்த கரும்புச் சோகை பட்டாசு மாதிரி வெடித்தது. பத்தடி போவதற்குள் நாய் வந்தது, நாய்க்குப் பின்னால் நாலு பேர் வந்தார்கள். சட்டையைப் பிடித்து ரோட்டில் தள்ளிவிட்டார்கள். சிரிக்காதே.

ரோட்டோரம் உட்கார்ந்திருந்தேன். அப்போது ஒரு கட்டில் வந்தது. கட்டிலில் ஒரு பெரியவரின் பிணம். மகள் வீட்டில் இறந்துபோனவர். சொந்த ஊரில்தான் மண் போட வேண்டும், வண்டி ஏதும் ஓடவில்லை, கட்டிலோடு தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அவருடைய ஊர் உங்கள் ஊருக்கு அந்தப் பக்கம். நாலு பேர்தான் தூக்கினார்கள். அதில் ஒருவருக்கு முட்டி தாங்காமல் என் எதிரிலேயே இறக்கிவைத்தார்கள். நான் எழுந்துபோய்த் தோள் கொடுத்தேன். இரக்கத்தில் போனேனா, வழி கிடைக்கும் என்று போனேனா, இன்னும் எனக்கே தெரியவில்லை. மகள் பெயர் சாலம்மாள். அழுதுகொண்டே கேட்டார், "எந்த ஊருப்பா நீ?" "மேற்காலம்மா" என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. அவருடைய வீட்டுக்காரர் மூட்டையிலிருந்து ஒரு வேட்டியும் துண்டும் எடுத்துக் கொடுத்தார். கட்டிக்கொண்டேன்.

எந்த மரத்திலும் யாரும் தடுக்கவில்லை. எல்லோரும் எழுந்து நின்றார்கள். கட்டிலை மரத்துக்கு மேல் தாண்டவைக்க அவர்களே கை கொடுத்தார்கள். என்னைத் துரத்திய நாலு பேரில் ஒருவனும் கை கொடுத்தான்.

கடைசியாகக் கோட்டை வளைவு. சாய்த்துப் போட்ட புளியமரத்தின் மேல் நீ நின்றிருந்தாய். கட்டிலின் பின்பக்கம் வலது கால் என் தோளில். துண்டைத் தலையோடு போட்டுக் குனிந்துகொண்டேன். நீ இறங்கி, தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றாய். அவ்வளவுதான் பார்த்தேன். கனத்த குரலில் ஒருவர் கேட்டார், "அந்தப் பின்னால யாரு, புது ஆளாட்டம் கீது?" நான் நிற்காமல் நடந்தேன். இன்னொரு குரல், "சாவுக்கு வந்தவங்கள இன்னாத்துக்குக் கேட்டுக்கினு, வுடுங்கண்ணே" என்றது. உன் குரல் மாதிரி இருந்தது. பயத்தில் இருப்பவனுக்கு எந்தக் குரலும் தெரிந்த குரலாகத்தான் கேட்கும்.

"இருந்து மண்ணு போட்டுட்டுப் போப்பா" என்றார் சாலம்மாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் இருந்தேன். மண் போட்டு, பம்புசெட்டில் குளித்து, உளுந்தூர்பேட்டை போய், போலீஸ் காவலோடு கிளம்பிய பஸ்ஸில் இடம் பிடித்தேன்.

இப்போது கேட்கிறேன். நீ என்னைப் பார்த்தாயா? பார்த்தும் என்னைப் போகவிட்டிருந்தால் அது நீ கொடுத்த வரம். உன் தீர்ப்புதான் சரி, சடையன் வாசலிலேயே சாகட்டும், நான் ஒத்துக்கொள்கிறேன். பார்க்கவில்லை என்றால் நான் போனது என் கால், என் தோள். அப்போது தீர்ப்பை நீ மாற்ற வேண்டும். பொய் எழுதாதே. வேலை கிடைக்கிறதோ இல்லையோ, இது எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

வேடி

எலவனாசூர்கோட்டை
7.10.87

அன்புள்ள வேடி,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். தடியடியில் வலது கையில் இரண்டு விரல் வீங்கி இன்னும் சரியாக மடங்கவில்லை. மற்றபடி முழுசாக இருக்கிறேன். ஆறு பேரை ஒரே வீச்சில் சாய்ப்பதெல்லாம் சும்மா என்று தெரிந்துகொண்டேன். ஒரு ஆளின் லத்தியையே என்னால் தடுக்க முடியவில்லை. கீர்த்திவர்மனுக்கு இனிமேல் ஒரு வீச்சுக்கு ஒரு ஆள்தான்.

எங்கள் கோரிக்கை அப்படியே நிற்கிறது. மறுபடி கூப்பிட்டாலும் ரோட்டுக்குப் போவேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நீ சென்னை வாசலில் நின்றாய் என்று படித்தபோது அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அதிலும் சந்தேகம் இல்லை. இரண்டும் ஒரே ஆளுக்குள் எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்காதே.

உன் கேள்விக்கு வருகிறேன். நான் உன்னைப் பார்க்கவில்லை. அன்றைக்கு வெயில், கூட்டம், அழுகைச் சத்தம். பிணத்தைத்தான் பார்த்தேன். "வுடுங்கண்ணே" என்று சொன்னது பக்கத்தில் நின்ற பச்சமுத்து. அவன் குரல் என்னுடையது மாதிரியே இருக்கும், ஊரில் எல்லோரும் சொல்வார்கள். தங்கதுரை அண்ணன் அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் புது ஆள் யார் என்று கேட்டார். தெரியாது என்றேன். தெரியாததால்தான் அப்படிச் சொன்னேன்.

ஆகவே ஆட்டத்தை நடத்துகிறவன் என்ற முறையில் தீர்ப்பை மாற்றி எழுதுகிறேன். சடையன் எரிகோட்டைக்குள் போய்விட்டான். மாயம் இல்லை, வரம் இல்லை. மனிதன் மனிதனுக்குச் செய்கிற காரியத்தைச் செய்துகொண்டே நடந்து போனான். கட்டுக்குள் அது செல்லும். அந்த வாரம் பேப்பரும் வரவில்லை, லாட்டரி எண்ணும் பார்க்க முடியவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. நடந்து போனவனுக்கு எதற்கு எண்? உள்ளே இருட்டாக இருக்கிறது, எதிரில் மூன்று கதவுகள். சடையன் என்ன செய்கிறான் என்று எழுது.

ஒன்று மட்டும். இனிமேல் யார் சாவுக்காவது தோள் கொடுக்கப் போனால், உள்ளே போட்டிருக்கிற பேன்ட்டை இரண்டு காலிலும் முட்டி வரை சுருட்டிக்கொள். இடது பக்கம் வேட்டிக்குக் கீழே நாலு விரல்கடை சாம்பல் நிறம் தொங்கிக்கொண்டிருந்தது.

தனா